கல்கத்தாவை விட்டுப் பாரீஸைப் பிடித்த கதை

என்னிடம் மணி கேட்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் டைம் ஆபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மணி சொன்னவன்தான் நான். ஆனாலும் யாராவது "சார், மணி என்னாச்சு?" என்று கேட்டால், இன்றைக்கும் ஒரு நொடி முழித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். எந்த ஊர் மணி என்று திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்று எனக்கே பயம்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தது. இப்போது ஆட்கள் முகத்தைக் காட்டினாலே வருகை பதிவாகிற மிஷின் வந்துவிட்டதாம். "பழைய டைம் ஆபீஸ் அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கலாம்" என்றது. "நல்ல அனுபவமா எழுதணுமா, நடந்ததை எழுதணுமா?" என்று கேட்டேன். அது சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. ஊர் தவளக்குப்பம். பி.காம். முடித்துவிட்டு, பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்தேன். அப்போது சுவரில் ஒரு பஞ்ச் கடிகாரம் இருக்கும். அட்டையைச் சொருகினால் டங்கென்று மணி அடித்துவிடும். தினமும் காலையில் ரேடியோ நேரத்தை வைத்து அதைத் திருத்துவதுதான் எனக்கு முதலில் கற்றுக் கொடுத்த வேலை. இருபது வருடம் அதில் ஒரு குழப்பமும் இல்லை. கடிகாரம் தப்பினால் கீழே ஒரு திருகு, அதைத் திருகினால் தீர்ந்தது. பயிற்சி என்று இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

எனக்கு மேலதிகாரி பெர்சனல் ஆபீசர் அந்துவான் சார். சொல்தா குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சார் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். சட்டைக் கையை மடித்து யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார், முதலாளி முதல் கூட்டுகிற பெண் வரை எல்லோருக்கும் 'நீங்க' தான். அதுதான் பயமே. கத்துகிற அதிகாரியிடம் பதிலுக்கு முணுமுணுக்கலாம். இவரிடம் என்ன செய்வது? நாம் எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டு, கைக்குட்டையை நாலாக மடித்து முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, பச்சை மைப் பேனாவைத் திறந்து, "எழுத்துல குடுங்க" என்பார். தலைவலி என்று அரை நாள் கேட்டாலும் எழுத்தில்தான். 

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஒரு ஜனவரியில், பஞ்ச் கடிகாரத்தை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஜன்னலில் ஒரு சின்னப் பெட்டி. அதில் அட்டையை இழுத்தால் கம்ப்யூட்டரில் நேரம் விழும். பதினைந்து நிமிடம் பிந்தினால் அதுவாகவே அரை நாள் லீவு போட்டுவிடும். கம்ப்யூட்டருக்குள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாம் என்று சப்ளை செய்த கடைக்காரர் சொன்னார். லைசென்ஸ் செலவில்லை, வைரஸ் வராது என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கடை ஆள் வந்து சி.டி. தகட்டைப் போட்டுத் தொடங்கிவிட்டு, பாதியில் சாப்பிடப் போய்விட்டான். "ஒண்ணுமில்ல சார், அது கேக்கும், நீங்க அடுத்தது அடுத்ததுன்னு அழுத்திகினே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டது. உலகப் படம் ஒன்று, பக்கத்தில் ஊர்ப் பட்டியல். நீங்கள் எந்த ஊர் என்று கேட்கிறது.

பாண்டிச்சேரியைத் தேடினேன், இல்லை. சென்னை இல்லை, மெட்ராசும் இல்லை. சரி, டெல்லியாவது இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை, பம்பாயும் இல்லை. இந்தியாவுக்கு மொத்தமே ஓர் ஊர்தான் இருந்தது, கல்கத்தா. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்துவான் சார் பின்னால் வந்து நின்றார்.

"கல்கத்தான்னு போட்டா நம்ம ஆளுங்க வருகை அங்க போயிடுமா சார்?" என்று கேட்டேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது நியாயமான சந்தேகம்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். "கல்கத்தா இங்கிலீஷ்காரன் ஊரு. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பாரீஸ் இருக்கா பாருங்க."

இருந்தது. பளிச்சென்று இருந்தது.

"வொலா! இதோ இருக்கே, அதைப் போடுங்க. நாம இருந்தது அவங்ககூடத்தானே."

போட்டேன். அடுத்து ஒரு சின்னக் கட்டம், கம்ப்யூட்டரின் உள் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டுமா என்று. ஏற்கெனவே அதில் டிக் இருந்தது. இருக்கட்டும், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று அடுத்ததை அழுத்தினேன். எல்லாம் முடிந்து திரை வந்தபோது, மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு மூலையில் இருந்த கடிகாரம் காலை ஒன்பதே கால் என்றது. கடை ஆள் ஏப்பம் விட்டபடி வந்து, "கை மணியைப் பாத்துத் திருத்திக்குங்க சார்" என்று கட்டளை சொல்லிக் கொடுத்தான். மாதம், தேதி, மணி, நிமிடம், வருடம் எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் ஒரே எண்ணாக அடிக்க வேண்டும். அடித்ததும், அதை உள் கடிகாரத்தில் எழுத இன்னொரு கட்டளை. இரண்டையும் ஓர் அட்டையில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டிக்கொண்டேன். மணி சரியாகிவிட்டது. ஊர் பாரீஸாகவே இருந்தது. அது யாருக்கும் உறுத்தவில்லை. மணி சரியாக இருக்கும்போது ஊர் எதுவாக இருந்தால் என்ன?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் எல்லா அதிகாரமும் உள்ள பெயரில்தான் எப்போதும் திறந்து வைத்திருப்பேன். மூடினால் திரும்ப நுழைகிற சொல் மறந்துபோகும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமைகூட அணைப்பதில்லை. ஆக, யார் வேண்டுமானாலும் மவுஸால் மூலைக் கடிகாரத்தைத் தட்டி மணியை மாற்றிவிடலாம். இது பின்னால் கஸ்தூரியின் தலையில் விடிந்தது.

கஸ்தூரி எங்கள் ஆபீசைக் கூட்டித் துடைக்கிறவள். நோணாங்குப்பத்தில் மீன் பிடிக்கிற குடும்பம். வாய் கொஞ்சம் நீளம், வேலை அதைவிடச் சுத்தம். ஏழு வருடமாகத் தினக்கூலி. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. நாற்பது வயது முடிந்துவிட்டால் தினக்கூலி ஆளை நிரந்தரம் செய்ய மாட்டார்கள். கஸ்தூரிக்கு அந்த டிசம்பரில் நாற்பது முடிகிறது. நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் ஏறி, ஃபைல் அந்துவான் சார் மேசையில் கையெழுத்துக்காக இருந்தது. தப்பினால் கடைசிவரை தினக்கூலிதான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்கு ஆபீசைத் திறந்து கழுவிவிடுகிறவள் அவள் ஒருத்திதான், சாவியும் அவளிடம்தான்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஏழு மணி ஷிப்டுக்கு ஆறு ஐம்பதுக்கு வரிசை நிற்கிறது. முதல் ஆள் அட்டையை இழுத்ததும் பெட்டி 'கீய்ய்' என்று கத்தியது. சிவப்பு விளக்கு. அடுத்தவனுக்கும் சிவப்பு. அதற்கடுத்தவனுக்கும். எட்டிப் பார்க்கிறேன், கம்ப்யூட்டரில் ஏழு ஐம்பது! என் கைக் கடிகாரம் ஆறு ஐம்பது, சுவர்க் கடிகாரம் ஆறு ஐம்பது, வாசலில் சங்கு இன்னும் ஊதவே இல்லை. யூனியன் செயலாளர் ஆறுமுகம் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "யோவ் கலியமூர்த்தி! அத்தினி பேருக்கும் அரை நாள் லீவு போடுறியா? என்னா வெளையாட்டு இது? ஒருத்தனும் உள்ள போவமாட்டான்!" இரண்டு மணி நேரம் வேலை நின்றது. கொதிகலனில் சோப்பு ஆறிக் கட்டியாகிவிட்டது.

அட்டையைப் பார்த்து எண்ணை அடித்து மணியைத் திருத்தினேன். பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உள்ளேயிருக்கும் பேட்டரி போயிருக்கும் என்றான் கடை ஆள். மாற்றினோம். ஃபிட்டர் எர்த் கம்பியைச் சோதித்தார். கேன்டீன்காரர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. பேட்டரி போனால் மணி தாறுமாறாக நிற்க வேண்டும். இது கச்சிதமாக ஒரு மணி நேரம் மட்டும், நிமிடம்கூடத் தப்பாமல், முன்னால் போயிருந்தது. எந்த வியாதிக்கு இப்படி அளந்து வேலை செய்யத் தெரியும்?

அந்துவான் சார் கேட்டது ஒரே கேள்விதான். "நேத்து உள்ள இருந்தது யாரு?"

கஸ்தூரியைக் கூப்பிட்டோம். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அந்த மேசைய தொடைச்சேங்கய்யா. அந்த மவுசு கீழ வுழப் பாத்துச்சு, புடிச்சி மேல வெச்சேன். அதுல எதனா அமுங்கியிருக்குமா?" என்று அவளே கேட்டாள். பிறகு அவளே, "அமுங்கித்தான் இருக்கும். நாந்தான் போலக்குது. மன்னிச்சிக்குங்கய்யா" என்று அழுதாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் காக்கையே வந்து நான்தான் பறித்தேன் என்றால் யார் என்ன செய்வது? எனக்கு அப்பாடா என்றிருந்தது. சார் வாய்மொழியாக எச்சரித்து அனுப்பிவிட்டார். வேலை நின்றதற்குக் காரணம் அவள் என்று ஷிப்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னாம்மா, இப்ப மணி என்னா?" என்று கிண்டல் செய்தார்கள். வாய் நீளமானவள், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கஸ்தூரி அந்த மேசைக்குப் பக்கத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். அறை முழுக்கத் துடைப்பாள். மேசையைச் சுற்றி நாலடி தூரத்தில் மாப்பு நின்றுவிடும். ஜூன், ஜூலை ஆவதற்குள் மொசைக் தரை நடுவில் ஒரு சதுரம் மட்டும் கறுத்துப் போயிற்று. கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும். என் நாற்காலிச் சக்கரத் தடத்தைத் தவிர அதில் வேறு தடமே கிடையாது. நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "ஏம்மா, பன்னி படுக்கிற எடம் மாதிரி கிடக்குது, தொடைக்க மாட்டியா?" என்பேன். "திட்டிக்குங்க சார். அந்தச் சனியன் கிட்ட மட்டும் நா வரமாட்டேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இந்தத் தரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் கடைசியில் மறுபடி ஒரு திங்கட்கிழமை. காலை ஷிப்டு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போயிற்று. ஒன்பது மணி வாக்கில் அந்துவான் சார் வந்து அட்டையை இழுத்தார். அவர் எப்போதும் எட்டு ஐம்பத்தெட்டுக்கு இழுப்பார், அதில் அவருக்கு ஒரு பெருமை. பெட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"கலியமூர்த்தி, நான் எட்டு மணிக்கே வந்துட்டேனா?"

பார்த்தேன். ஏழு ஐம்பத்தெட்டு. போச்சுடா! இந்த முறை ஒரு மணி நேரம் பின்னால். காலையில் வந்த அத்தனை பேரும் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்ததாகப் பதிவாகியிருக்கிறது.  முன்னால் போன கடிகாரம் ஏன் பின்னால் வர வேண்டும்?

சார் தம் அறைக்குக் கூப்பிட்டார். கைக்குட்டை நாலாக மடிந்தது. "ரெண்டு தடவை. ரெண்டும் ஞாயித்துக்கிழமை. ரெண்டு தடவையும் உள்ள இருந்தது ஒரே ஆள். முதல் தடவை அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இப்ப நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். மெஷின் தானா மணியை மாத்திக்குமா?"

"மாத்தாது சார்."

"எழுத்துல குடுங்க."

வருடத்தில் எல்லா ஞாயிறும் அவள்தான் வருகிறாள், மற்ற ஞாயிறுகளில் ஒன்றும் ஆகவில்லையே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மேசைக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். 'கணினியின் கடிகாரம் தானாக மாறும் தன்மை உடையதல்ல. யாரேனும் ஒருவர் கை வைத்தாலொழிய நேரம் மாறாது.' எழுதும்போது என் இரண்டு காலும் அந்தக் கறுத்த தரைமேல்தான் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். மெஷின் தானாக மாறுகிறது என்றால் அதற்குப் பொறுப்பாளன் நான். எனக்கு அது புரியவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். கஸ்தூரி மேல் போனால் என் மானம் தப்பும்.

அவளுக்கு மெமோ போயிற்று. ஃபைலிலிருந்து அவள் பெயருள்ள தாளை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். விசாரணை புதன்கிழமை பன்னிரண்டரைக்கு. சாரின் அறையில் அவர், நான், யூனியன் சார்பில் ஆறுமுகம், கஸ்தூரி. என் அறிக்கையைச் சார் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் சார்.

"போன தடவ தொடைச்சேன், ஒத்துக்கினேன். இந்தத் தடவ தொடலைங்கய்யா. எம் புள்ளைங்க மேல சத்தியம். வருஷம் முடிஞ்சா நாப்பது. இதோட எனக்கு ஆச்சு, தெரியும். அதுக்காவ தொட்டேன்னு சொல்லமாட்டேன்."

ஆறுமுகத்துக்கே நம்பிக்கையில்லை. "மெஷினு பொய் சொல்லாதேம்மா" என்று முனகினார்.  சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சுக்கலாம். ஒண்ணரைக்குத் தங்கச்சி போன் வரும்" என்றார். பாரீஸில் இருக்கிற தங்கை, புதன்கிழமை தோறும் அவருக்குப் போன் செய்வார். அது எல்லோருக்கும் தெரியும்.

சும்மா, பேச்சுக்கு, "பன்னண்டரைக்குத்தானே சார் வரும்?" என்று கேட்டேன்.

"இனிமே ஒண்ணரை. அங்க மணியைப் பின்னால தள்ளிட்டாங்க, போன ஞாயித்துக்கிழமை."

"யார் சார் தள்ளினது?"

"யாரும் தள்ளலை. அது அவங்க வழக்கம். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால. வெயில் காலத்துக்கு ஒரு மணி, குளிர் காலத்துக்கு ஒரு மணி."

சொல்லிவிட்டு அவர் தாளைப் புரட்டினார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. எனக்கு மட்டும் காது அடைத்தது. மார்ச் கடைசி ஞாயிறு. அக்டோபர் கடைசி ஞாயிறு. முன்னால், பின்னால். ஆனால் அது அங்கே அல்லவா? பாரீஸில் மணியை மாற்றினால் மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனியில் ஏன் மாற வேண்டும்? நம்மிடம் ஒரு கம்பிகூட அங்கே போகவில்லையே? அப்புறம்தான் ஜனவரி மத்தியானம் நினைவுக்கு வந்தது. உலகப் படம். பட்டியல். வொலா.

"சார், பத்து நிமிஷம் குடுங்க" என்று எழுந்து ஓடினேன்.

டைம் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டையில் இருந்த கட்டளைப்படி போன ஞாயிறு தேதியை அடித்து, விடிகாலை மூன்றுக்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை ஒன்றும் ஆகவில்லை. யோசித்தேன். மூன்று மணி இரண்டு மணியாகப் போகிறதென்றால், அந்த ராத்திரிக்கு இரண்டிலிருந்து மூன்று வரை இரண்டு தடவை வருகிறது. நான் அடித்தது முதல் தடவையா, இரண்டாவது தடவையா? அது மெஷினுக்குத் தெரியுமா? எனக்கே தெரியவில்லையே! ஒரு தாளில் இரண்டு கடிகாரம் வரைந்து முள்ளை முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிடுமோ என்று பயந்து, அக்டோபரை விட்டேன். மார்ச்சில் இந்த வம்பில்லை. ஒரு மணி நேரம் காணாமல் போகிறது, அவ்வளவுதான். மார்ச் கடைசி ஞாயிறு, ஒன்று ஐம்பத்தொன்பது என்று அடித்தேன். மூலைக் கடிகாரத்தில் வினாடியும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அடக் கடவுளே.

போய் மூன்று பேரையும் கூட்டிவந்தேன். கஸ்தூரி வாசலிலேயே நின்றாள். "உள்ள வா" என்றேன். "மாட்டேன் சார், அப்புறம் அதுக்கும் நாந்தான்னு வரும்" என்றாள். சரிதானே? அங்கிருந்தே பார்க்கட்டும் என்று விட்டேன். மறுபடி அதே எண்ணை அடித்தேன். கையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன், போலீஸ் பிடித்த மாதிரி. "நல்லாப் பாத்துக்குங்க சார். யாரும் எதையும் தொடலை" என்றேன்.

ஒன்று ஐம்பத்தொன்பது, ஐம்பது வினாடி. ஐம்பத்தைந்து. சாரின் அறையில் போன் அடிக்கத் தொடங்கியது. ஒன்றரை ஆகிவிட்டது போல. அவர் திரும்பவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

மூன்று மணி.

இரண்டு மணி வரவே இல்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"இன்னா இது, ரெண்டைத் தின்னுட்டுது?" என்றார் ஆறுமுகம்.  அந்துவான் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். அவர் முகம் ஒரு நிமிடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "இருபது வருஷமா அந்த ஞாயிறு வந்தா நான் போனுக்கு நேரத்தை மாத்தி உக்காந்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தோணலையே, கலியமூர்த்தி. எனக்குத் தோணவே இல்லையே."

 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில், "எழுத்துல குடுங்க" என்றார்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். என் முதல் அறிக்கை தவறு. கணினியை நிறுவும்போது ஊர் பாரீஸ் என்று நான் தேர்ந்தெடுத்தேன். மணியை மட்டும் கையால் நம் நேரத்துக்குத் திருத்தி வைத்தேன். அந்த ஊர் வழக்கம் கணினிக்குள் ஏற்கெனவே இருப்பதால், பாரீஸில் வருடத்துக்கு இரண்டு முறை மாறும்போது இங்கேயும் மாறியது. எவர் கையும் படவில்லை. எல்லாவற்றையும் 'நான், நான்' என்றே எழுதினேன். சார் படித்தார். பச்சை மைப் பேனாவைத் திறந்தார். 'பாரீஸ் என்று நான் தேர்ந்தெடுத்தேன்' என்ற வரிக்குப் பக்கத்தில், 'என் சொற்படி' என்று எழுதித் தம் கையெழுத்தைப் போட்டார். அவர் தப்பைத் தாமே எழுத்தில் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். அப்படியே, ஒதுக்கி வைத்திருந்த தாளை எடுத்துப் பழையபடி ஃபைலில் சேர்த்து, அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். டிசம்பருக்கு முன்னால் ஆர்டர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே, தேதியைப் பழையபடி வைத்துவிட்டு, பட்டியலில் கல்கத்தாவைப் பிடித்துப் போட்டேன். போட்டதும் மணி நாலரை மணி நேரம் முன்னால் ஓடிற்று. பதறிப்போய், அட்டையைப் பார்த்துக் கைக் கடிகாரப்படி திருத்தினேன். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயும் போகவில்லை. ஆனாலும் ஓய்வு பெறுகிறவரை மார்ச் கடைசி ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்குப் போய் அதன் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். நம்பிக்கை வரவில்லை, என்ன செய்ய?

கஸ்தூரியைப் பற்றி முடிக்க வேண்டும். அந்தப் புதன்கிழமை எல்லோரும் போனபின், அவள் வாசலிலேயே நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், மடையன்.

"சார், அப்ப மார்ச்சுலயும் நா இல்லையா?"

"இல்லம்மா. நீ எப்பவுமே இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஏழு மாதமும், அத்தனை பேரை வெளியே நிற்க வைத்த பாவி தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். மெமோ வந்த அன்றுகூட அவள் அழவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் காலடியைக் காட்டினாள்.

"இந்தத் தரைய தெனிக்கும் பாத்துகினுதானே சார் இருந்தீங்க? நா கிட்டவே வர்லன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே? தெரிஞ்சிதான் அப்பிடி எழுதினீங்களா?"

'தெரியாது' என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, ஃபினாயில் ஊற்றி, மாப்பையும் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள். "மத்த எடமெல்லாம் நா பாத்துக்குறேன். இந்த எடத்த நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நிரந்தரமான பிறகும் அவள் அந்த நாலடிக்குள் வரவில்லை. நானும் ஒருநாளும் கேட்கவில்லை. ஓய்வு பெறுகிற நாள்வரை அந்தச் சதுரத்தை நான்தான் துடைத்தேன்.